துறைத் தெரிவும் பல்கலைக்கழக அனுமதியும்: கொச்சிக்கடையிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

கொழும்பு கொச்சிக்கடையிலுள்ள பொன்னம்பலவாணேசுவரர் கோயிலை 1857ஆம் ஆண்டு முதலில் எடுப்பித்தவர் பொன்னம்பல முதலியார். அதனைப் பின்னர் கருங்கற்றிருப்பணியாகப் புதுக்கியவர் அவருடைய புதல்வர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். இராமநாதனின் இளவலான சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1875இல் திறந்த போட்டிப் பரீட்சையின் வழியாக இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதல் இலங்கையர். இலங்கைக்கெனத் தனியொரு பல்கலைக்கழகம் வேண்டுமென 1906இல் தொடங்கிய இயக்கத்தை முன்னின்று நடத்தியவரும் அவரே. போட்டிப் பரீட்சை, பல்கலைக்கழகம் ஆகிய இரண்டும் இந்நாட்டுத் தமிழரின் சமூக வரலாற்றிற் பெற்ற இடத்தை ஆராய விரும்புவோர் ஒரு குடும்பத்தின் கதையிலிருந்தே தொடங்கலாம்.

அக்கோயிலின் கற்றூண்களிலிருந்து சிறிது தொலைவில் புனித அந்தோனியார் ஆலயம் உண்டு, அதற்கப்பால் துறைமுகம். இவ்விரண்டு தெய்வ நிலையங்களுக்கும் துறைமுகத்துக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளிலே மூன்று நான்கு தலைமுறைகளாக வாழ்ந்துவருவோர் கப்பற்சுமை இறக்கியோர், புறக்கோட்டையில் மூட்டை சுமந்த நாட்டாமைத் தொழிலாளர், சிறுகடைச் சிப்பந்திகள், நகரசுத்தித் தொழிலாளர் ஆகியோரின் குடும்பத்தினர். அருணாசலத்தின் கோரிக்கை காலப்போக்கில் நிறைவேறியது. ஆயின் அப்பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடத்துக்கும் பொறியியற் பீடத்துக்கும் இவ்வொழுங்கைகளிலிருந்து சென்றோர் எத்தனை பேர் என்று கேட்டால், இங்கு பிறந்து வளர்ந்த நான் விரல் மடக்கத் தொடங்கி, இரண்டாவது விரலிலேயே தயங்க வேண்டியிருக்கின்றது.

பல்கலைக்கழக அனுமதி பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றுட் பெரும்பாலானவை 1970களின் தரப்படுத்தலையே மையமாகக் கொண்டவை. அது இயல்பே. ஓர் இனத்தின் இளைஞர் தலைமுறையை அரசியலின்பால் தள்ளிய நிகழ்ச்சி அது. எனினும் அவ்வெழுத்துக்களில் ஒரு விடயம் போதிய அழுத்தம் பெறுவதில்லை. பல்கலைக்கழகத்தின் எல்லாக் கதவுகளிலும் நெரிசல் ஒரே அளவினதன்று. ஒரு மாணவன் எத்தனை புள்ளி பெற்றான் என்பதோடு, எந்தக் கதவின் முன் நின்றான் என்பதும் அவனது வாய்ப்பைத் தீர்மானிக்கின்றது. எந்தக் கதவின் முன் நிற்பதென்பதை அவன் தானே தெரிவு செய்கின்றான் என்று சொல்லப்படுகின்றது. இத்தெரிவு எத்துணை தூரம் அவனுடைய தெரிவு என்பதே இக்கட்டுரையின் வினா.

குடியேற்ற ஆட்சிக் காலத்திலே உயர்கல்வியென்பது மூன்று நான்கு உத்தியோகங்களுக்கான வாயிலாகவே அமைந்தது. 1870இல் கொழும்பு மருத்துவக் கல்லூரி தோன்றியது. 1921இல் பல்கலைக்கழகக் கல்லூரியும், 1942இல் சேர் ஐவர் ஜெனிங்ஸைத் துணைவேந்தராகக் கொண்டு இலங்கைப் பல்கலைக்கழகமும் உருவாயின. தொடக்கத்தில் அப்பல்கலைக்கழகத்தின் மாணவர் தொகை 904. ஆங்கிலக் கட்டணப் பாடசாலைகளிற் படிக்க வசதியுடையோருக்கே அது எட்டியது. மருத்துவமும் சட்டமும் சிவில் சேவையும் நிலவுடைமைக் குடும்பங்கள் தம் செல்வத்தை உத்தியோகமாக மாற்றிக்கொள்ளும் வழிகளாயின. (ஆங்கிலமின்றி மருத்துவம் இல்லையென்பது அக்காலத்தின் மாற்ற முடியாத நியதி போலப் பின்னர் பேசப்பட்டது. 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயிற் சாமுவேல் கிறீன் தமிழில் மருத்துவம் கற்பித்து நூல்களும் ஆக்கினார் என்பதை இவ்விடத்து நினைவுகூர்தல் தகும்.)

1945இன் இலவசக் கல்வியும், அதன்பின் வந்த சுயமொழிக் கல்வியும் இந்நிலையை உடைத்தன. ஆனால் எல்லா இடத்திலும் உடைக்கவில்லை. கலைப்பாடம் கற்பிக்க ஓர் ஆசிரியரும் கரும்பலகையும் போதும். பௌதிகவியலும் இரசாயனவியலும் கற்பிக்க ஆய்வுகூடம் வேண்டும்; பட்டதாரி விஞ்ஞான ஆசிரியர் வேண்டும்; அவர் அவ்வூரிலே தங்கியிருக்கவும் வேண்டும். ஆகவே இலவசக் கல்வி கிராமத்துக்கும் நகரச் சேரிக்கும் வந்தபோது, கலைக்கல்வியாகவே வந்தது. 1959இல் வித்தியோதய, வித்தியாலங்காரப் பல்கலைக்கழகங்கள் தோன்றின. 1960களின் நடுப்பகுதியில் பல்கலைக்கழக மாணவர் தொகை பத்தாயிரத்தைத் தாண்டியது. இப்பெருக்கத்தின் பெரும்பங்கு கலைப்பீடங்களிலேயே நிகழ்ந்தது. மருத்துவமும் பொறியியலும் ஆய்வுகூடம், வைத்தியசாலைக் கட்டில், இயந்திரக்கூடம் ஆகியவற்றால் அளக்கப்பட்டமையால் அவற்றின் இடங்கள் மெல்லவே கூடின. விளைவு வெளிப்படையானது. ஒருபுறம் வேலையற்ற கலைப்பட்டதாரிகள். மறுபுறம் சில நூறு இடங்களுக்கு முட்டிமோதும் விஞ்ஞான மாணவர். 1971 ஏப்பிரல் கிளர்ச்சியில் ஈடுபட்ட சிங்கள இளைஞரின் கல்விப் பின்னணியை முதலாவது போக்கிலிருந்து பிரித்து நோக்கல் இயலாது. அவ்வாண்டிலேயே டட்லி சியர்ஸ் தலைமையிலான சர்வதேசத் தொழில் நிறுவனக் குழு, இந்நாட்டில் கல்வி வளர்க்கும் எதிர்பார்ப்புக்கும் கிடைக்கும் தொழிலுக்கும் இடையிலுள்ள பிளவைத் தன் அறிக்கையின் மையப் பொருளாக்கியது.

தமிழர் பக்கத்தில் வேறொரு காரணம் தொழிற்பட்டது. யாழ்ப்பாணத்து மத்தியதர வர்க்கம் வளர்ந்தது எழுதுவினைஞர் உத்தியோகத்தினால். 1956இன் தனிச்சிங்களச் சட்டத்தின் பின் அப்பாதை ஒடுங்கிற்று. மொழியறிவைக் காட்டிலும் தொழிலறிவு மதிக்கப்படும் துறைகளே எஞ்சின. மருத்துவமும் பொறியியலும் அவ்வகையின. இரண்டாம் உலகப்போருக்கு முன்னரே அமைந்துவிட்ட மிசனரி, சைவப் பாடசாலைகளின் ஆய்வுகூடங்கள் அதற்குத் துணையாயின. ஆகவே தமிழ் மாணவர் கலைப்பீடங்களிலன்றி விஞ்ஞானப் பீடங்களிற் செறிந்தனர். இதனை ‘தமிழருக்கு இயல்பான கணித அறிவு’ என்று விளக்குவோர் இன்றும் உளர். பெருமிதம் தரும் விளக்கம்தான், ஆனால் வரலாறன்று. ஈழத்துச் சிறுகதைகளிலும் மேடை நாடகங்களிலும் டொக்டர் மாப்பிள்ளையும் எஞ்சினியர் மாப்பிள்ளையும் சீதனப் பட்டியலோடு இடையறாது வந்து போவதைக் கண்ட இலக்கிய மாணவனுக்கு, இத்துறைகளின் கவர்ச்சி எங்கிருந்து பிறந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை.

இப்பின்னணியிலேயே 1971ஆம் ஆண்டு அனுமதியின் புள்ளிகளை நோக்க வேண்டும். நான்கு பாடங்களுக்கு 400 புள்ளிகள். மருத்துவத்துக்கும் பல்மருத்துவத்துக்கும் சிங்களமொழி மூல மாணவர் 229 பெற்றாற் போதும். தமிழ்மொழி மூல மாணவர் 250 பெற வேண்டும். பேராதனைப் பொறியியலுக்கு முறையே 227, 250. பௌதிக விஞ்ஞானத்துக்கு 183, 204. உயிரியல் விஞ்ஞானத்துக்கு 175, 184. இவ்வெண்களை அரை நூற்றாண்டாகப் பலரும் எடுத்தாண்டுள்ளனர். ஆனால் குறுக்காகவே வாசித்துள்ளனர். சிங்களத்துக்கும் தமிழுக்கும் இடையே மருத்துவத்தில் 21 புள்ளி வேறுபாடு. அநீதி அங்கே அப்பட்டமாகத் தெரிகின்றது. அதனை எவ்விதத்திலும் குறைத்து மதிப்பிடும் நோக்கம் எனக்கில்லை. இனி அவற்றையே நெடுக்காக வாசித்துப் பார்ப்போம். தமிழ்மொழி மூலத்தில் மருத்துவத்துக்கும் உயிரியல் விஞ்ஞானத்துக்கும் இடையே 66 புள்ளி வேறுபாடு. சிங்களமொழி மூலத்தில் 54. ஒரே விலங்கியலை, ஒரே தாவரவியலை, ஒரே இரசாயனவியலைப் படித்து ஒரே மண்டபத்தில் எழுதிய இருவரை, அவர்கள் கேட்ட துறை ஒருவரையொருவர் 66 புள்ளி தூரத்தில் நிறுத்தியது. மொழியால் வந்த இடைவெளியிலும் மூன்று மடங்குக்கு மேலானது, துறையால் வந்த இடைவெளி.

இந்த 66 புள்ளிகள் அறிவின் அளவல்ல. மருத்துவம் கற்க உயிரியல் கற்பதைவிட அத்துணை கூடிய ஆற்றல் வேண்டுமென எவரும் நிறுவியதில்லை. அரசாங்க வைத்தியரின் சம்பளத்துக்கும் சமூக மதிப்புக்கும் வெளிநாட்டு வாய்ப்புக்கும், விஞ்ஞானப் பட்டதாரியின் ஆசிரியத் தொழிலுக்கும் இடையேயுள்ள தூரமே பரீட்சைப் புள்ளியாக உருமாறி வெட்டுப்புள்ளிப் பட்டியலில் நிற்கின்றது. தொழிற்சந்தையின் விலை, திறமையின் பெயரில் எழுதப்படுகின்றது.

தமிழ்ப் பரீட்சகர் தம் இனத்தவருக்குப் புள்ளிகளை வாரி வழங்கினர் என்ற குற்றச்சாட்டு அக்காலத்தில் எழுந்து, நிறுவப்படாமலே செல்வாக்குப் பெற்றது. 1973இல் மொழிவாரித் தரப்படுத்தலும், 1974இல் அதனோடு மாவட்டப் பங்கீடும் நடைமுறைக்கு வந்தன. பொறியியலுக்கு அனுமதி பெற்றோருள் தமிழரின் பங்கு 1973இல் 24.4 வீதமாயிருந்து 1974இல் 16.3 வீதமாகவும், மருத்துவத்தில் 36.9 வீதத்திலிருந்து 25.9 வீதமாகவும் வீழ்ந்தது. விஞ்ஞானம் சார்ந்த துறைகள் அனைத்திலும் 1970இல் 35.3 வீதமாயிருந்த பங்கு 1975இல் 19 வீதமாயிற்று. கல்வி அமைச்சர் பதியுதீன் மகுமூத். அரசாங்கம் ஐக்கிய முன்னணியினது. லங்கா சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் அவ்வமைச்சரவையில் இடம்பெற்றிருந்தன என்பதை இடதுசாரி எழுத்தாளர் விழுங்கிவிட்டுச் செல்லும் வழக்கம் உண்டு. வர்க்க ஏற்றத்தாழ்வைக் களைய வேண்டியவர்கள் இன விகிதத்தைக் கொண்டு அதனைக் கணக்குத் தீர்க்க உடன்பட்டனர். அதன் விலையை நாடு முழுவதும் பின்னர் செலுத்தியது.

மாவட்டப் பங்கீட்டை ஒரேயடியாகத் தமிழருக்கு எதிரான சூழ்ச்சியென்று கூறி முடித்துவிடுதலும் சரியன்று. கண்டிப் பகுதிச் சிங்களவரும், வன்னி, மன்னார், மட்டக்களப்பு ஆகிய மாவட்டங்களின் தமிழரும் முஸ்லிம்களும் அதனாற் பயன்பெற்றனர். இழந்தவை யாழ்ப்பாணமும் கொழும்பும். இவ்விரண்டையும் ஒரே சொல்லாற் குறிப்பது வழக்கம்: ‘முன்னேறிய மாவட்டங்கள்’. இச்சொல்லின் உட்பொருளை ஆராயும் போதுதான் நாம் மீண்டும் கொச்சிக்கடைக்கு வர நேர்கின்றது.

1977இல் ஆட்சி மாறியபின் மொழிவாரித் தரப்படுத்தல் கைவிடப்பட்டது. மாவட்டம் கைவிடப்படவில்லை. 1979இல் 30 வீதம் நாடளாவிய திறமை, 55 வீதம் சனத்தொகைக்கேற்ற மாவட்டப் பங்கு, 15 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள் என்ற சூத்திரம் வந்தது. அது பின்னர் 40, 55, 5 என மாறி நிலைபெற்றது. பின்தங்கியவையெனக் கொள்ளப்படும் மாவட்டங்கள் 16. கொழும்பு அவற்றில் ஒன்றன்று. 2000ஆம் ஆண்டில் உயர்தரப் பாடங்கள் நான்கிலிருந்து மூன்றாகக் குறைக்கப்பட்டபின் மொத்தப் புள்ளியின் இடத்தை இசட் புள்ளி பெற்றது. ஒரு பாடத்துக்குத் தோற்றிய எல்லோருடைய சராசரியிலிருந்தும் ஒருவர் எவ்வளவு விலகி நிற்கின்றார் என்பதை அது அளக்கின்றது. எளிய பாடத்தில் அள்ளிய புள்ளியும் கடிய பாடத்தில் அரிதாய்ப் பெற்ற புள்ளியும் சமப்படுத்தப்படும் என்பது அதன் நோக்கம். ஆனால் ஒருவர் தம்மைச் சுற்றியிருப்போரோடு ஒப்பிடப்படுகின்றார் என்பதும் அதன் பொருளாகும். வல்லோர் குவியும் பாடத்தைத் தெரிவோர் வல்லோரின் சராசரிக்கு எதிரே நிறுத்தப்படுகின்றனர். பழைய, புதிய பாடத்திட்டங்களுக்குத் தோற்றிய இரு வேறு கூட்டத்தினரை ஒன்றாகக் கணித்தமையால் 2011 பரீட்சையின் இசட் புள்ளிகளை 2012இல் உயர்நீதிமன்றம் செல்லாவெனத் தீர்த்தது. யாரோடு யாரை ஒப்பிடுவது என்ற வினா கணிதத்தால் மட்டும் தீர்வதன்று என்பதற்கு அவ்வழக்கே சான்று.

கொழும்பு மாவட்டத்தினுள் யாரோடு யார் ஒப்பிடப்படுகின்றனர்? கறுவாத்தோட்டத்து வழக்கறிஞரின் மகளும், துறைமுகத்துச் சுமைத்தொழிலாளியின் மகனும் ஒரே வெட்டுப்புள்ளியைத் தாண்ட வேண்டும். முன்னேறியது மாவட்டமா, மாவட்டத்தின் ஒரு பகுதியா என்பதை விண்ணப்பப் படிவம் கேட்பதில்லை. யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதிப் பிள்ளை 1974இல் யாழ்நகரப் பிள்ளையின் கணக்கில் எழுதப்பட்டது போன்றதே இதுவும். மாவட்டம் என்பது நிலவியல் அலகு. வர்க்கத்தின் மேல் விரித்த போர்வையாகவும் அது பயன்படும். வெட்டுப்புள்ளி குறைந்த மாவட்டங்களுக்குப் பிள்ளைகளை மாற்றிப் பரீட்சை எழுதுவிக்க வல்ல பெற்றோரைப் பற்றிய முறைப்பாடுகள் மலையகத்திலிருந்து அடிக்கடி எழுவதையும் ஈண்டு சேர்த்து நோக்கலாம். மாவட்டம் மாறுவதற்கும் பணம் வேண்டும்.

வெட்டுப்புள்ளிக்கு முன்பாகவே முடிந்துவிடும் காரியம் ஒன்றுண்டு. இலங்கையின் ஏறத்தாழப் பத்தாயிரம் அரசாங்கப் பாடசாலைகளை அரசே வகுத்து வைத்திருக்கின்றது. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு உள்ளவை 1ஏபி வகை. கலை, வர்த்தகம் மட்டும் உள்ளவை 1சி வகை. உயர்தரமே இல்லாதவை இரண்டாம், மூன்றாம் வகையின. 1ஏபி வகைப் பாடசாலைகள் ஏறத்தாழ ஆயிரமே. மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கும் உரிமை யாவருக்கும் உண்டென்று சட்டம் கூறும். அவ்வுரிமையைப் பயன்படுத்தத்தக்க வகுப்பறை பத்துப் பாடசாலைகளில் ஒன்றிலேயே உண்டென்று அரசின் சொந்தப் பதிவேடு கூறும். 2013இல் தொழில்நுட்பப் பிரிவு சேர்க்கப்பட்டமை இந்நெரிசலை ஓரளவு திசைதிருப்ப முயன்றது. வகைப்பாட்டின் அடிப்படையை அது மாற்றவில்லை.

நான் படித்த பாடசாலை 1சி வகையது. அதன் பெயர் இங்கு வேண்டியதில்லை. கொட்டாஞ்சேனையிலும் ஜிந்துப்பிட்டியிலும் அத்தகையன வேறும் உள. சாதாரணதரத்தில் விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் திறமைச் சித்தி பெற்றவர் எங்கள் வகுப்பில் நால்வர். பெறுபேறு வந்த கிழமையில் ஆசிரியர் ஒருவர் எங்களை அழைத்துப் பேசினார். கெட்ட எண்ணம் உடையவரல்லர். “விஞ்ஞானம் செய்து கொழும்பில் மூன்று முறை எழுதிக் கெட்டுப்போகிறதை விட, ஆர்ட்ஸ் செய்து ஒரே முறையில் கம்பஸ் போங்கோ தம்பிமாரே” என்றார். புள்ளிவிபரம் அறியாமலே அவர் கூறியது பெரும்பாலும் சரியான கணிப்பு. நானும் இன்னொருவனும் அதனைக் கேட்டோம். மூன்றாமவன் வர்த்தகத்துக்குச் சென்றான். கொழும்பு மாவட்டத்தின் வர்த்தக வெட்டுப்புள்ளி எத்துணை உயரமானது என்பதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

நான்காமவன் உயிரியல்தான் படிப்பேன் என்றான். தகப்பன் துறைமுகத்தில் நாட்கூலி. வேறொரு பாடசாலையில் இடம் கேட்டு மூன்று மாதம் அலைந்து, கிடைத்த இடத்தில் இரசாயனவியலுக்கு ஆசிரியர் இல்லாமையால், வெள்ளவத்தையில் ஒரு தனியார் கல்வி நிலையத்துக்குப் பஸ் ஏறினான். வெள்ளவத்தைக்கும் கொச்சிக்கடைக்கும் இடையே சில மைல்களே. இரண்டும் கொழும்பு, இரண்டிலும் தமிழ். ஆயின் அங்கே மாடிக்குடியிருப்புகளில் பாடத்துக்கொரு ஆசிரியரிடம் போகும் பிள்ளை, ஒரு பாடத்துக்கு மட்டும் பணம் கட்ட முடிந்த இப்பிள்ளையின் பக்கத்து வாங்கில் இருந்தது. இருவரும் ஒரே மாவட்டம், ஒரே மொழி, ஒரே துறை. தரப்படுத்தலின் எந்தச் சூத்திரமும் இவ்விருவரையும் வேறுபடுத்திக் கண்டதில்லை. இரண்டு முறை எழுதினான். இரண்டாம் முறை பெற்ற இசட் புள்ளி அவனை விஞ்ஞானப் பீடமொன்றுக்குப் போதுமான எல்லைக்கு அண்மையில் கொண்டு நிறுத்தியது. மருத்துவத்துக்கு எட்டாத தூரத்தில். மூன்றாம் முறைக்கு வீட்டில் இடமில்லை.

பணமுடையோருக்கு வேறு கதவு எப்போதும் தேடப்பட்டது. 1980களில் றாகமையில் இயங்கிய வடகொழும்புத் தனியார் மருத்துவக் கல்லூரியை மாணவர் போராட்டங்களின் பின் 1989இல் அரசு பொறுப்பேற்றது. மாலபேயில் எழுந்த தனியார் மருத்துவக் கல்லூரியை எதிர்த்து 2017இல் மருத்துவ பீடங்கள் மாதக்கணக்கில் வெறிச்சோடின. போட்டியில் தோற்றவர் அனைவரும் ஒரே இடத்துக்குத் திரும்புவதில்லை என்பதை இப்போராட்டங்கள் நன்கு உணர்த்தின. அவற்றில் முழங்கிய குரல்களுட் பல, அப்போட்டியின் வாயிலுக்கே வராதவரைப் பற்றி யாதும் பேசாமையும் கவனத்துக்குரியது.

தமிழ்நாட்டின் அண்மை அனுபவம் ஒப்புநோக்கத் தக்கது. அகில இந்திய நுழைவுத் தேர்வான நீட் வந்தபின் அரசுப் பள்ளி மாணவர் மருத்துவக் கல்லூரிகளில் விரல்விட்டு எண்ணத்தக்கவராயினர். நீதிபதி கலையரசன் ஆணையத்தின் பரிந்துரையை அடுத்து, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியிற் படித்து அத்தேர்வில் தகுதி பெற்றோருக்கு 7.5 வீத உள்ஒதுக்கீடு வழங்கும் சட்டம் 2020இல் இயற்றப்பட்டது. அவ்வாண்டிலேயே முந்நூறுக்கு மேற்பட்டோர் அதன்வழி மருத்துவத்திலும் பல்மருத்துவத்திலும் இடம்பெற்றனர். நீட் தேர்வையே அவ்வொதுக்கீடு தொடவில்லை என்ற விமர்சனம் நியாயமானது. ஆயினும் அங்கு அலகாகக் கொள்ளப்பட்டது மொழியுமன்று, மாவட்டமுமன்று. பிள்ளை அமர்ந்திருந்த வகுப்பறை.

இலங்கையில் அவ்வளவுகோலை அப்படியே கொண்டுவருதல் இயலாது. இங்கு கொழும்பின் மிகப் பெரிய பாடசாலைகளும் அரசாங்கப் பாடசாலைகளே. ‘அரசுப் பள்ளி’ என்ற சொல் இங்கு வர்க்கத்தைக் காட்டாது. ஆனால் 1ஏபி, 1சி என்ற குறியீடு காட்டும். அது புதிதாகத் திரட்ட வேண்டிய தரவன்று. ஒவ்வொரு பாடசாலைக்கும் அது வழங்கப்பட்டு, கல்வி அமைச்சின் கோப்புகளில் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டு வருகின்றது. ஒருவர் தரம் பதினொன்றுவரை எவ்வகைப் பாடசாலையில் இருந்தார் என்பதை 55 வீத மாவட்டப் பங்கினுள்ளே கணக்கில் எடுத்தால், கொழும்பு மாவட்டத்தின் மருத்துவ இடங்களில் எத்தனை எப்பக்கம் சாயும் என்பதைப் பத்தாண்டுப் பெறுபேறுகளைக் கொண்டு ஓர் ஆய்வு மாணவர் சில மாதங்களிற் கணித்துவிடலாம். பல்கலைக்கழகங்களின் கல்வியியற் பீடங்கள் மேற்கொள்ளத்தக்க வேலை அது.

எங்கள் பாடசாலையில் அண்மையில் ஆய்வுகூடத்துக்கெனப் புதிய அறையொன்று கட்டப்பட்டது. சென்ற முறை போனபோது அதில் மேலதிக நாற்காலிகள் அடுக்கப்பட்டிருந்தன. விஞ்ஞான ஆசிரியரின் நியமனம் வருமென்று அதிபர் சொன்னார்.